ஏலத்திற் பழைய மணிக்கூடு வாங்கலாமா?

பழம் பொருள்கள்மீது மனிதனுக்குள்ள பற்று விநோதமானது. புதிய பொருள் ஒன்று வீட்டுக்கு வந்ததும் பழையதைக் கோடிப்புறத்துக்கு அனுப்பிவிடுகிறோம். நாற்பது ஐம்பது ஆண்டுகள் சென்றபின் அதே பொருளைத் தேடி அலைகிறோம். வெண்கலக் குத்துவிளக்கும் தேக்குமரப் பெட்டகமும் இவ்வாறு வெளியே போய், பின்னர் மதிப்போடு உள்ளே வந்தவைதாம். இன்று அந்த வரிசையில் முன்னணியில் நிற்பது பழைய கைமணிக்கூடு.

சில மாதங்களுக்கு முன் லண்டனிலிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் யாழ்ப்பாணத்திலிருந்து சென்று அங்கே பல்கலைக்கழகமொன்றிற் கற்கும் இளைஞர். அவருடைய பாட்டனார் புகையிரத நிலைய அதிபராக இருந்தவர். அவர் கையில் லோஞ்சின்ஸ் மணிக்கூடு ஒன்று இருந்தது. அவருக்குப் பின் அது தகப்பனாரிடம் வந்தது. மகனை மேற்படிப்புக்கு அனுப்பும் செலவில் ஒரு சிறு பகுதியை ஈடு செய்வதற்காகத் தகப்பனார் அதனை விற்றுவிட்டார். விமானம் ஏறிய பின்னரே மகனுக்கு அது தெரியவந்தது.

இப்பொழுது அவ்விளைஞர் மாலை வேளைகளிற் கடையொன்றில் வேலை செய்து 600 பவுண் சேர்த்திருக்கிறார். அயலிலுள்ள ஏலநிலையமொன்றின் பட்டியலில் அதே சாயலுள்ள மணிக்கூடு ஒன்றைக் கண்டிருக்கிறார். மதிப்பு 250 முதல் 350 பவுண் வரை. "அப்பாவுக்கு அதை வாங்கிக் கொடுக்க விரும்புகிறேன். ஏலத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கின்றது. ஏமாறாமல் வாங்குவது எப்படி?" என்பது அவர் கேள்வி.

நாள் குறுகியதாக இருந்தமையால் அவருக்கு நேரே பதில் எழுதினோம். எழுதியவற்றை, அவருடைய சம்மதத்துடன், மற்றை வாசகர்களுக்கும் பயன்படும் வகையில் விரித்து இங்கே தருகிறோம். அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை இறுதியிற் சொல்வோம்.

விலை ஏன் ஏறிற்று?

1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி, ஜப்பானிய நிறுவனமான செய்க்கோ, "அஸ்ட்ரோன்" என்னும் மணிக்கூட்டை விற்பனைக்கு விட்டது. சுருள்வில்லுக்குப் பதிலாக மின்கலத்தாலும் குவாட்ஸ் படிகத்தாலும் ஓடிய முதலாவது கைமணிக்கூடு அது. நேரந் தவறாமையில் எந்தச் சுவிஸ் இயந்திரமும் அதற்கு ஈடு நிற்க முடியவில்லை. விலையும் சில ஆண்டுகளில் மளமளவென்று இறங்கிற்று. சுவிற்சர்லாந்தில் 1970 அளவில் ஏறக்குறைய 90,000 பேர் மணிக்கூட்டுத் தொழிலில் இருந்தனர். 1980களின் பிற்பகுதியில் அத்தொகை 30,000 அளவுக்குக் குறைந்துவிட்டது.

வேலைக்கு வேண்டாதது ஆனபோதுதான் பழைய இயந்திர மணிக்கூடு ஆசைக்கு வேண்டியதாயிற்று. 1989இல் ஜெனீவாவில் பற்றெக் பிலிப் நிறுவனத்தின் படைப்புகளுக்கென்றே தனி ஏலம் ஒன்று நடந்தது. அதன்பின் விலைகள் ஏறத் தொடங்கின. அமெரிக்கச் செல்வர் ஹென்றி கிறேவ்ஸ் என்பவருக்காக அதே நிறுவனம் செய்து 1933இற் கையளித்த சட்டைப்பை மணிக்கூடு 1999இல் 1 கோடி 10 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. 2014இல் மறுபடியும் ஏலத்துக்கு வந்தபோது ஏறக்குறைய 2 கோடி 40 இலட்சம் டொலரை எட்டிற்று.

2017 ஒக்டோபரில் நியூயோர்க்கில் நடந்தது இதனினும் விசேஷமானது. நடிகர் போல் நியூமனின் "றோலெக்ஸ் டேற்றோனா" 1 கோடி 77 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. அது பொன்னன்று, உருக்கு. மோட்டார்ப் பந்தயத்தில் ஈடுபட்ட கணவரைக் கவனமாக ஓட்டும்படி கூறும் சில சொற்களை மனைவி அதன் பின்மூடியிற் பொறிப்பித்துக் கொடுத்திருந்தார். 1984இல் நியூமன் அதனைத் தம் மகளின் நண்பரான ஓர் இளைஞருக்குச் சாதாரணமாகக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

இத்தகைய செய்திகளைப் படித்துவிட்டு அலுமாரியைத் திறந்து பார்ப்போர் பலர். அவர்களுக்கு நாம் முதலிற் சொல்ல வேண்டியது இது: அந்த விலை மணிக்கூட்டுக்கு மட்டும் கொடுத்த விலையன்று, யார் கட்டியது என்பதற்கும், அதனை ஐயமின்றி நிரூபிக்க முடிந்தமைக்கும் கொடுத்த விலை. அதே மாதிரியான வேறு மணிக்கூடுகள் அதில் ஒரு சிறு பங்குக்கே விலைபோகின்றன. செல்வம் பெருக்கும் நோக்கத்தோடு முதன்முதலாக ஏலத்துக்குச் செல்பவர் பெரும்பாலும் நட்டத்தோடுதான் திரும்புவார். கட்டி மகிழ்வதற்கென்று வாங்குபவருக்கு நட்டம் வந்தாலும் மணிக்கூடு மிஞ்சும்.

தேயிலை கற்பிக்கும் பாடம்

ஏலம் என்பது நம் நாட்டவருக்குப் புதிதன்று. கொழும்பிலே தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அங்கே விலை கூறுபவர்கள் மாதிரியை முன்னரே வரவழைத்து, நீரில் ஊறவைத்து, வாயிலிட்டுச் சுவைத்துப் பார்த்த பின்னரே ஏல மண்டபத்துக்குள் நுழைவார்கள். சுவைத்துப் பாராமல் தேயிலைக்கு விலை கூறுபவன் அத்தொழிலில் நெடுநாள் நிலைக்கமாட்டான்.

மணிக்கூட்டுக்கும் அதே விதி. ஏலத்துக்கு முந்திய சில தினங்களிற் பொருள்களைப் பார்வைக்கு வைப்பார்கள். அந்த நாட்களே புதியவருக்கு முக்கியமான நாட்கள். கையில் எடுத்துப் பார்க்க அனுமதி கேட்டால் மறுக்கமாட்டார்கள். தூரத்தில் இருப்பவர் பொருளின் நிலைபற்றிய எழுத்து மூலமான அறிக்கையைக் கேட்டுப் பெறலாம். பின்மூடியைத் திறந்து இயந்திரத்தைப் படம் எடுத்து அனுப்பும்படியும் கேட்கலாம். கேட்பதற்கு வெட்கப்படுவது வீண். சுத்தியல் விழுந்தபின் கேட்கும் கேள்விகளாற் பயனில்லை. பொருளை உள்ளபடியே விற்கிறோம் என்று ஏலநிலையங்கள் தம் நிபந்தனைகளில் முன்கூட்டியே அச்சிட்டிருக்கும். அந்தச் சிற்றெழுத்துப் பக்கத்தை ஒரு முறையேனும் படித்தல் வேண்டும்.

பட்டியலில் இரண்டு தொகைகள் காணப்படும். அவை நிபுணர் கருதும் உத்தேச மதிப்பின் கீழெல்லையும் மேலெல்லையும். இவற்றைவிட, உரிமையாளர் இதற்குக் குறைந்தால் விற்க வேண்டாம் என்று இரகசியமாகக் குறித்துக் கொடுத்த தொகையும் ஒன்று இருக்கலாம். பெரும்பாலும் அது கீழெல்லையைத் தாண்டாது. அத்தொகையை எட்டும்வரை உரிமையாளரின் சார்பில் ஏலங்கூறுபவர் தாமே விலையை ஏற்றிச் செல்ல, பல ஏலநிலையங்களின் நிபந்தனைகள் இடங்கொடுக்கின்றன. ஆகவே மண்டபத்திற் கேட்கும் ஒவ்வொரு விலைக்கும் பின்னால் ஒரு போட்டியாளர் இருக்கிறார் என்று எண்ணி வேகங்கொள்ளுதல் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத செலவு

சுத்தியல் விழும் விலை நாம் கொடுக்கும் விலையன்று. புதியவர் பலர் இடறி விழும் இடம் இதுவே. வாங்குபவரிடமும் தரகு அறவிடும் வழக்கத்தை லண்டனின் இரு பெரும் ஏலநிலையங்களாகிய கிறிஸ்டீசும் சொதபீசும் 1975இல் ஆரம்பித்தன. அன்று அது நூற்றுக்குப் பத்து. இன்று நூற்றுக்கு இருபத்தைந்தும் அதற்கு மேலும் சாதாரணம். பிரித்தானியாவில் அத்தரகின்மீது நூற்றுக்கு இருபது பெறுமதி சேர் வரியும் உண்டு.

நம் மாணவருக்கு எழுதிய கணக்கை இங்கே தருகிறோம். அவருடைய ஏலநிலையத்தின் தரகு நூற்றுக்கு 25. சுத்தியல் விலை 300 பவுண் என்று வைத்துக்கொள்வோம். தரகு 75 பவுண். தரகின்மீது வரி 15 பவுண். மொத்தம் 390 பவுண். இணையத்தின் மூலம் விலை கூறினால் அதற்கெனச் சில வீதம் மேலும் சேரும். நேரிற் சென்றால் அது மிச்சம். பழைய மணிக்கூட்டை வாங்கியதும் கழற்றித் துடைத்து எண்ணெயிடல் அவசியம். லண்டனில் அவர் விசாரித்த இடத்தில் அதற்கு 200 பவுண் கேட்டார்கள். ஆக 590 பவுண். கையில் இருப்பது 600.

எனவே அவர் கூறக்கூடிய உச்ச விலை 300 பவுண். 310 அன்று, 320 அன்று. பட்டியலின் மேலெல்லை 350 என்று இருப்பதால் அவர் பணப்பை பெருத்துவிடப் போவதில்லை. வெளிநாட்டிலிருந்து நம் நாட்டுக்குத் தருவிக்க எண்ணுபவர்கள் தபாற் செலவையும் காப்புறுதியையும் சுங்கத் தீர்வையையும் இந்தக் கணக்கோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

முகமே முதல்

பழைய மணிக்கூட்டின் மதிப்பிற் பெரும்பகுதி அதன் முகத்தட்டில் இருக்கின்றது. இங்கே புதியவரின் கண் அவரை ஏமாற்றும். அறுபது ஆண்டுகள் சென்ற முகத்தட்டு மங்கியிருக்கும், விளிம்பிற் பழுப்பேறியிருக்கும், சில புள்ளிகள் விழுந்திருக்கும். அப்படியிருப்பதே இயல்பு. பக்கத்தில் நேற்றுச் செய்தது போல் ஒன்று பளபளத்தால் மனம் அதனையே நாடும். அறிந்தவர்களோ மங்கியதற்கே கூடிய விலை கொடுப்பார்கள். பளபளப்பது மறுபடி வர்ணம் பூசப்பட்டதாக இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நாமும் இதில் ஒருமுறை ஏமாந்தோம். பல ஆண்டுகளுக்கு முன், வீட்டுச் சாமான்கள் ஏலமொன்றில், நிலவு போன்ற வெள்ளை முகத்துடன் பொன்னிறக் கூட்டில் ஒரு சுவிஸ் மணிக்கூடு கிடந்தது. முன்னரே பார்வையிடவில்லை. மனத்தில் ஓர் உச்ச விலையை வைத்திருந்தோம். அருகில் இருந்தவர் ஏற்ற நாமும் ஏற்றி, அந்த எல்லையை இருமுறை கடந்தோம். வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் காட்டிப் பெருமைப்பட்டோம். மறுநாள் நமக்குப் பழக்கமான மணிக்கூடு திருத்துபவரிடம் கொண்டுசென்றோம். அவர் கண்ணிற் பூதக்கண்ணாடியைப் பொருத்தி ஒரு நிமிஷம் பார்த்தார். "முகம் புதிது ஐயா. பூசியவனுக்குக் கை நடுங்கியிருக்கிறது" என்றார். பார்த்தோம். நிமிஷக் கோடுகள் மணிக் கோடுகளோடு ஒரு நேர்வரிசையில் நிற்கவில்லை. நிறுவனத்தின் பெயரிற் கடைசி எழுத்து சற்றுச் சாய்ந்திருந்தது. அடியில் இருக்க வேண்டிய சுவிஸ் என்ற சொல்லே இல்லை.

பின்னர் அவர் மணிக்கூட்டைத் திருப்பினார். மூடியில், மூடி துருப்பிடிக்காத உருக்கு என்று பொறித்திருந்தது. அதை நாம் ஒரு சிறப்பாகவே எண்ணியிருந்தோம். மூடி மட்டுமே உருக்கு என்பதே அதன் பொருள் என்று அவர் விளக்கினார். மற்றைப் பகுதி சாதாரண உலோகத்தின்மேற் பொன் முலாம். அந்த மணிக்கூட்டை நாம் இன்றும் விற்கவில்லை. விற்றால் யார் வாங்குவார்?

ஆதலின் முகத்தட்டைப் பார்க்கும்போது பூதக்கண்ணாடி கையில் இருக்கட்டும். எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருக்கின்றதா, கோடுகள் நேர்நிற்கின்றனவா, சிறுமுகங்களின் வட்டம் சிதையாமல் இருக்கின்றதா என்று பாருங்கள். அதே மாதிரியின் பழைய விளம்பரப் படங்களையும் நிறுவனத்தின் பழைய விலைப்பட்டியல்களையும் முன்னரே பார்த்து வைத்திருப்பது நூறு புத்திமதிகளுக்குச் சமம்.

ஒளிரும் எண்கள்

இருளில் ஒளிரும் எண்களும் முட்களும் உள்ள பழைய மணிக்கூடுகளைப்பற்றி ஒரு முக்கிய எச்சரிக்கை உண்டு. 1960கள் வரையில் இவ்வொளிக்குப் பயன்பட்டது றேடியம். அமெரிக்காவில் 1920களில் அதனை முகத்தட்டுகளிற் பூசிய இளம்பெண்கள் தூரிகையின் நுனியை உதட்டால் கூராக்கினார்கள். தாடை எலும்பு அழுகியும் இரத்தம் கெட்டும் பலர் மாண்டார்கள். றேடியத்தின் வீரியம் பாதியாகக் குறைவதற்கு ஏறக்குறைய 1,600 ஆண்டுகள் செல்லும். ஆகவே ஒளி போயினும் விஷம் போகவில்லை. ஒளி மங்குவது, றேடியத்தோடு கலந்துள்ள ஒளிரும் பொடி தேய்ந்து போவதனாலேயே.

மூடிய நிலையில் அலுமாரியில் இருக்கும் மணிக்கூட்டைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதனை வீட்டில் திறந்து துடைக்கவோ சுரண்டவோ கூடாது. உதிரும் துகள் மூச்சோடு உள்ளே செல்வதே ஆபத்து. படுக்கையறையில் வைப்பதும், சிறு பிள்ளைகளிடம் விளையாடக் கொடுப்பதும் வேண்டாம்.

றேடியத்துக்குப் பின் வந்தது ட்ரிற்றியம். அதன் வீரியம் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்திற் பாதியாகிவிடும். முகத்தட்டின் அடியிற் சுவிஸ் என்ற சொல்லுக்கு அருகே ஆங்கில "ரி" எழுத்து இருந்தால் அது ட்ரிற்றியத்தைக் குறிக்கும். இதிலே புதியவருக்கு ஒரு துப்பும் கிடைக்கின்றது. 1960ஆம் ஆண்டினது என்று விற்கப்படும் மணிக்கூடு இருட்டில் நன்றாக ஒளிர்ந்தால், ஒளிப்பூச்சு அண்மையில் மாற்றப்பட்டது என்று கொள்ளலாம். முட்களின் ஒளிப்பூச்சு ஒரு நிறமாகவும் எண்களின் பூச்சு வேறொரு நிறமாகவும் இருந்தாலும் சந்தேகிக்க வேண்டும்.

கூடும் உலோகமும்

மெருகிடுதல் பழைய மணிக்கூட்டுக்குச் செய்யும் உபகாரம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு முறை மெருகிடும்போதும் உலோகம் சிறிது தேய்கிறது. வார் பொருத்தும் முனைகள் மெலிகின்றன. கூரிய ஓரங்கள் உருண்டுவிடுகின்றன. பொறித்த எண்கள் மறைகின்றன. கீறல்களோடு தடித்து நிற்கும் கூடு, மெருகோடு மெலிந்து நிற்கும் கூட்டைவிட மேலானது.

பொன் என்றால் முத்திரையைத் தேடுங்கள். 750 என்பது 18 கரட். 375 என்பது பிரித்தானியாவில் வழங்கிய 9 கரட். மைக்குரோன் கணக்கிற் குறிப்பு இருந்தால் அது முலாமின் தடிப்பு. பொன்னாக இருப்பதால் விலை எப்போதும் கூடும் என்றும் எண்ண வேண்டாம். பற்றெக் பிலிப் 1941இல் வெளியிட்ட 1518 என்னும் மாதிரியிற் பெரும்பாலானவை பொன்னாற் செய்யப்பட்டவை. உருக்கில் அறியப்பட்டவை நான்கே. அவற்றில் ஒன்று 2016இல் ஜெனீவாவில் 1 கோடி 10 இலட்சம் பிராங்குக்கு விலைபோயிற்று. அருமையே விலை, உலோகமன்று.

உள்ளே இருப்பது

இயந்திரத்தைச் சோதிக்கப் புதியவராலும் சிலவற்றைச் செய்ய முடியும். குமிழை மெதுவாகத் திருகிச் சாவி கொடுங்கள். கரகரப்பும் வழுக்கலும் இன்றி இறுகிவர வேண்டும். காதில் வைத்தால் ஒலி சீராக இருக்க வேண்டும். அக்கால இயந்திரங்கள் பலவும் வினாடிக்கு ஐந்து தட்டு, அதாவது மணிக்கு 18,000 தட்டுத் தட்டுபவை. ஒரு நாளைக்கு அது 4,32,000 ஆகும். இவ்வளவு உழைப்புக்கும் அதற்கு வேண்டியது சில துளி எண்ணெய். எண்ணெய் உலர்ந்தால் இயந்திரம் நின்றுவிடும், அன்றேல் உராய்ந்து தேயும்.

"சாவி கூடிப்போய் நின்றுவிட்டது" என்று விற்பவர் சொல்வதுண்டு. இது வழிவழியாக வந்த தவறான எண்ணம். முழுதும் சாவி கொடுத்தமையால் நல்ல மணிக்கூடு நிற்பதில்லை. சாவி நிறைந்தும் ஓடாவிட்டால் உள்ளே எண்ணெய் உலர்ந்திருக்கும், அழுக்கு இறுகியிருக்கும், அல்லது ஏதேனும் உடைந்திருக்கும். அதேபோல, நீர் புகாது என்று மூடியிற் பொறித்திருந்தாலும் அறுபது வயது மணிக்கூட்டைக் கையிற் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போகாதீர்கள்.

இதனினும் கடினமானது, இயந்திரமும் கூடும் முகமும் ஒன்றாகவே பிறந்தனவா என்று அறிதல். பல மணிக்கூடுகளின் உறுப்புகளைப் பொறுக்கி ஒன்றாகச் சேர்த்து விற்போர் உண்டு. ஒரு பெரிய உதாரணம் சொல்வோம். 2021 நவம்பரில் ஜெனீவாவில், ஒமேகா நிறுவனத்தின் 1957ஆம் ஆண்டு "ஸ்பீட்மாஸ்டர்" ஒன்று ஏலத்துக்கு வந்தது. கறுப்பு முகம் வெயிலாற் கபில நிறமாக மாறியிருந்தது. சேகரிப்போர் அதனைப் பெரிதும் விரும்புவர். உத்தேச மதிப்பு 80,000 முதல் 1,20,000 பிராங்க். விலைபோனது 31 இலட்சம் பிராங்குக்கு மேல். ஒமேகா நிறுவனமே தன் காட்சிசாலைக்காக அதனை வாங்கியிருந்தது. 2023இல் அதே நிறுவனம், அந்த மணிக்கூடு பல்வேறு மணிக்கூடுகளின் உறுப்புகளாற் சேர்த்துச் செய்யப்பட்டது என்றும், தன் முன்னாள் ஊழியர் சிலருக்கு இதிற் சம்பந்தம் உண்டு என்றும் அறிவித்தது. செய்த நிறுவனமே ஏமாறக்கூடிய இடத்தில், புதியவர் தம் கண்ணை மாத்திரம் நம்புதல் தகாது.

இதற்குப் பரிகாரம் பதிவேடு. சில நிறுவனங்கள் தாம் செய்த மணிக்கூடுகளின் இலக்கங்களைப் பேணி வந்திருக்கின்றன. 1832இற் சாந்திமியே என்னும் ஊரிலே தோன்றிய லோஞ்சின்ஸ் அவற்றுள் ஒன்று. இயந்திரத்திற் பொறித்த இலக்கத்தைக் கொண்டு, அது எப்போது, யாருக்கு அனுப்பப்பட்டது என்பதைப் பழைய பேரேடுகளிற் பார்த்துத் தெரிவிப்பது அந்நிறுவனத்தின் வழக்கம். பற்றெக் பிலிப்பும் இவ்வாறு பதிவேட்டுப் பிரதி வழங்குகிறது. வாங்கு முன் இலக்கத்தைக் கேட்டுப் பெறுதல் நன்று.

ஏல நாளில்

உச்ச விலையைக் கடதாசியில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மனத்தில் வைத்த தொகை நழுவும் என்பதற்கு நாமே சாட்சி. தம்மை நம்ப முடியாதவர்கள், உச்ச விலையை ஏலநிலையத்திடம் முன்கூட்டியே எழுத்திற் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருக்கலாம். முதல் ஏலத்திற் கையை உயர்த்தாமற் பார்த்திருப்பது இன்னும் நல்லது. ஒரு நாள் முழுவதும் இருந்து, எது என்ன விலைக்குப் போகிறது என்று குறித்துக்கொண்டு வந்தால், அதுவே ஓர் இலவசப் பாடம். ஒன்று தவறினால் மற்றொன்று வரும். கோடிக்கணக்கிற் செய்யப்பட்ட பொருள்கள் இவை. இன்றே இப்பொழுதே வேண்டும் என்ற அவசரம் விற்பவருக்கு நன்மை, வாங்குபவருக்கு அன்று.

மாணவர் எழுதிய இரண்டாம் கடிதம்

நம் மாணவர் சொன்னவற்றை எல்லாம் செய்தார். பார்வை நாளிற் சென்று பூதக்கண்ணாடியாற் பார்த்தார். முகம் பழையது, பழுப்பேறியிருந்தது, நல்லது. இயந்திர இலக்கத்தையும் எழுதிக்கொண்டார். பாட்டனார் வாங்கியபோது கிடைத்த உத்தரவாதச் சீட்டை வீட்டில் இன்னும் வைத்திருக்கிறார்கள். தங்கை அதனைப் படம் எடுத்து அனுப்பினாள். இரண்டு இலக்கங்களும் வேறு.

"அது பாட்டனாருடையது அல்ல என்று தெரிந்தே இருந்தேன். என்றாலும் இலக்கம் பார்க்கும்வரை மனம் கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

ஏல நாளன்று விலை 180இல் ஆரம்பித்தது. நால்வர் போட்டியிட்டார்கள். 260இல் இருவர் விலகினார்கள். 300 பவுணுக்கு நம் மாணவர் கையை உயர்த்தினார். மற்றவர் 320 என்றார். ஏலங்கூறுபவர் மாணவரையே பார்த்து நின்றார். சட்டைப்பையிலிருந்த கடதாசி நெஞ்சைச் சுட்டது என்று எழுதுகிறார். கையை உயர்த்தவில்லை. மணிக்கூடு மற்றவருக்குப் போயிற்று.

அன்றிரவு தகப்பனாரோடு பேசியபோது முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னார். தகப்பனார் சற்று நேரம் பேசவில்லையாம். பிறகு சொன்னார்: "தம்பி, அந்த மணிக்கூடு நாளுக்குப் பத்து நிமிஷம் பிந்தும். அதனை விற்றதற்கு நான் கவலைப்பட்டது ஒரு நாள்தான். நீ போய்ச் சேர்ந்தாய் என்ற செய்தி பிந்தியதற்குத்தான் விடிய விடிய விழித்திருந்தேன். அந்தக் காசில் வருகிற விடுமுறைக்கு வீட்டுக்கு வா."

மாணவர் வருகிறார். பயணச் சீட்டு வாங்கிவிட்டார்.

ஆனால் மணிக்கூட்டு ஆசை அவரை விடவில்லை. அடுத்த ஆண்டு மறுபடி பணஞ் சேர்த்து, இம்முறை தமக்கென்று ஒன்றைப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறார். அது நல்ல தீர்மானம். தமக்கென்று வாங்குபவருக்கு அவசரமில்லை. அவசரமில்லாதவரை ஏலமண்டபம் எளிதில் ஏமாற்றாது.

வீட்டிற் பழைய மணிக்கூடு வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அதன் முகத்துக்கு வர்ணம் பூசுவிக்க வேண்டாம். கூட்டை மெருகிட வேண்டாம். நம்பிக்கையான திருத்துநரிடம் கொடுத்து எண்ணெயிடுங்கள். உத்தரவாதச் சீட்டு, பற்றுச்சீட்டு, பழைய பெட்டி எதையும் எறியாதீர்கள். முக்கியமாக, யார் வாங்கினார், எங்கே வாங்கினார், எந்த வேலையில் இருந்தபோது கட்டினார் என்பதை ஒரு கடதாசியில் எழுதி, தேதியிட்டு, மணிக்கூட்டோடு வையுங்கள். ஒருநாள் அதனை விற்க நேர்ந்தாலும் அக்கடதாசி உதவும். விற்காது வைத்திருப்பவருக்கு இன்னும் அதிகமாக உதவும்.